குல்லாய் போட்ட கோதுமை

தரம் பார்ப்பவன் ஒரு கை அள்ளி
வெள்ளைத் தட்டில் பரப்பினான்.
நூற்றுக்கு ஒன்பது மணி
உமிக் குல்லாயைக் கழற்றவில்லை.
"மூன்றாம் தரம்" என்றான், முகம் பார்க்காமல்.

வீடு திரும்பும் நாற்பது கிலோமீட்டரும்
எல்வீரா வாய் திறக்கவில்லை.
தங்கை; கடன் கணக்கு அவள் கையில்.
புது இயந்திரத்தின் விலை சொன்னவனுக்குக்
காப்பி ஊற்றிக் கொடுத்து
கார்வரை போய் வழியனுப்பி வந்தவள்.

எங்களுடையது எழுபத்தொன்பதில் பிறந்தது.
சிவப்பு வெளுத்து, செங்கல்லையும் தாண்டி,
சஸ்காச்சுவன் வெயிலில்
என் கழுத்து நிறத்துக்கு வந்துவிட்டது.

அதன் வயிற்றுக்குள் ஊர்ந்து படுத்தேன்.
முதுகின் கீழ் போன வருஷத்துக் கடுகு உருண்டது.
உருளையின் எட்டுப் பட்டையும்
மாடு நக்கிய உப்புக்கட்டி.
கீழே வளைந்த சல்லடை:
இடப்பக்கம் விரல் நுழைகிறது,
வலப்பக்கம் பென்சில் நுழையவில்லை.
கதிர் உள்ளே வருகிறது,
சரியாக அடி வாங்குமுன்
கம்பி இடுக்கில் நழுவிவிடுகிறது
குல்லாயோடு.
இன்னும் கொஞ்ச நேரம் பிடித்து வைக்க வேண்டும்,
அவ்வளவுதான் விஷயம்.

இடைவெளியைச் சமன் செய்தேன்.
ஓட்டைத் தானியத் தொட்டியின் கதவில்
மூன்று கீற்றுத் தகடு வெட்டி
சல்லடையின் முதல் மூன்று வரிசையை அடைத்தேன்.
புதுப் பட்டைகளை எதிரெதிர் ஜோடியாக
எடை சேர்த்துப் பூட்டினேன்.
எடை பார்த்தது
எல்வீராவின் ரொட்டிமாவுத் தராசில்.
கிரீஸ் கறைக்கு இன்னும் திட்டு விழுகிறது.

செவ்வாய், பனி உலர்ந்ததும் ஓட்டினேன்.
ஒரு குல்லாய் இல்லை.
ஆனால் பாதி மணி
இரண்டாகப் பிளந்து கிடந்தது.
"அக்கா, மாவு மில்லா நடத்துகிறாய்?"

ஒரு தகட்டைக் கழற்றினேன்.
போல்ட் ஒன்று தாளுக்குள் விழுந்து
அதைத் தேடியே வெயில் சாய்ந்தது. கொசு வேறு.
உருளையின் வேகத்தை
எழுபது சுற்றுக் குறைத்தேன்.

நூறு மீட்டர். சட்டென்று நிறுத்தினேன்.
எல்வீரா பின்னால் போய்
தொப்பியைக் கழற்றி எறிந்தாள்;
விழுந்த இடத்தில் வைக்கோலை விலக்கி
மண்டியிட்டு எண்ணினாள்.
தரையில் ஆறு.
பிறகு தொட்டிக்குள் கைவிட்டு அள்ளி
உள்ளங்கையில் தேய்த்து ஊதினாள்.
ஊதிப் பறக்க ஒன்றுமில்லை.

பக்கத்து வயல் ஓர்வில்
கண்ணாடிக் கூண்டைவிட்டு இறங்கி வந்தான்.
இருட்டப் போகிறதே,
"மணி என்ன?" என்றான்.
"முழு மணி" என்றாள் எல்வீரா.

கழற்றிய தகடு
ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் கிடக்கிறது,
பழைய சாக்கில் சுற்றி.
அடுத்த வாரம் பார்லி.