லைன் கிளியர்

கௌரம்மா, எல்.சி. கொடுங்க.
கோட்டைத் தெரு லைன். தேர் வருது.
அஞ்சு பத்து, எழுதிக்கோங்க.

சப்-ஸ்டேஷனில் அவள் சுவிட்சை இழுத்த சத்தம்
போனிலேயே கேட்டது.
காவேரிப்பட்டணத்தில் பாதி ஊர்
மூச்சைப் பிடித்துக்கொண்ட மாதிரி
மின்விசிறிகள் நின்றன.

ஏணியைச் சாய்த்தேன்.
நிப்பட்டுக் கடை ஒயர், கழற்றியாச்சு.
கறிக்கடை ஒயர், கழற்றியாச்சு.
பள்ளிவாசல் ஒயர்
வருஷா வருஷம் நான் கழற்றுவதுதான்.
ஆனால் வருஷா வருஷம்
பங்குனியில் நோன்பு வருவதில்லை.

போன வாரம் தாசில்தார் ஆபீசில் கூட்டம் போட்டார்கள்.
முந்தின திருவிழாவில் ஒரு வாய்த்தகராறு,
ஒரு ஸ்பீக்கர் பெட்டி, இரண்டு கல்,
அப்புறம் ஆறு மாதம் கோர்ட்.
அதனால் இம்முறை தாளில் எழுதினார்கள்:
ஐந்தரைக்குத் தேர் பள்ளிவாசலைத் தாண்டிவிடும்.
இரு தரப்பும் கையெழுத்து. டீ, பிஸ்கட்.

தேருக்குப் படிக்கத் தெரியாது.

ஆறு பத்துக்குத்தான் வந்தது. வந்து,
புதிதாய்ப் போட்ட சாக்கடைப் பலகையை உடைத்து
வலது பின்சக்கரத்தை உள்ளே இறக்கி
பள்ளிவாசல் வாசலிலேயே உட்கார்ந்துகொண்டது.

எஸ்.ஐ. கைக்கடிகாரத்தைப் பார்த்தார்,
மேற்கைப் பார்த்தார்,
பிறகு என்னைப் பார்த்தார்
சூரியனையும் நான்தான் ஆஃப் செய்வேன் என்பதுபோல.

கம்பத்தின் உச்சியில் இடுப்புக் கயிற்றோடு நான்.
எட்டினால் தொடலாம் என்ற தூரத்தில்
தேர்த்தட்டில் மாரியம்மன்,
பக்கத்தில் விசிறியோடு பூசாரி மாதையன்.
இந்தப் பக்கம், பள்ளிவாசல் மொட்டைமாடிக்கு
மூச்சு வாங்க ஏறி வந்தார் கௌஸ் பாஷா.
மைக் இல்லாத கையை எங்கே வைப்பதென்று
அவருக்குத் தெரியவில்லை.
கீழே எத்தனையோ ஆயிரம் தலை.
அந்த உயரத்தில் நாங்கள் மூன்று பேர்தான்.
அம்மனைச் சேர்த்தால் நாலு.

பாய், டைம் ஆச்சா?
இன்னும் நாலு நிமிஷம். முனிரத்தினம், கரண்ட் எப்போ?
தேர் நகர்ந்தா.
தேர் எப்போ?
அதை அவங்களைக் கேளுங்க என்று
அம்மனைக் காட்டினேன்.
கௌஸ் பாஷா சிரித்தாரா, தெரியாது.
தாடி அசைந்தது.

காதில் கை வைத்து அவர் சொன்ன பாங்கு
எனக்குக் கேட்டது, ஒவ்வொரு சொல்லும்.
இருபது வருஷமாய்க் குழாயில் கேட்டதைவிட
வயசான குரல். நடுவில் ஓர் இருமல்.
கீழே பம்பை முழங்கியது. ஒருவருக்கும் கேட்கவில்லை.
பேரீச்சம்பழத்தை விரலிடுக்கில் பிடித்தபடி
சந்து முழுக்க அண்ணாந்து நின்றார்கள்.

கத்தினேன்.
யோசித்தெல்லாம் கத்தவில்லை.
லைனில் ஆள் இருக்கு என்று கத்துவேனே,
அதே குரலில்:
பாங்கு சொல்லியாச்சு, நோன்பைத் திறங்க!

கத்திய கத்தில் கையிலிருந்த குறடு நழுவி
தேர்ச்சீலையில் பட்டு உருண்டு
அம்மன் காலடியில் போய் நின்றது.
மாதையன் அதைப் பார்த்தார். எடுக்கவில்லை.

சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்க
கறிக்கடைப் புளியங்கட்டையை உருட்டி வந்தார்கள்.
கறி வெட்டுற கட்டையாடா என்று ஒருவர் இழுத்தார்.
ஆத்தா என்ன, சைவமா என்றது இன்னொரு குரல்.
தேர் ஏறிவிட்டது.
கட்டையில் ஒரு வெடிப்பு.
காசு யார் தருவது என்று
இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

இருட்டில், சைக்கிள் கடை அன்சரிடம் குறடு வாங்கி
ரப்பர் உறை இல்லாத இரும்பால்
ஒவ்வொரு ஒயராய் முறுக்கினேன்.
ஏழு இருபதுக்கு கௌரம்மா கரண்ட் விட்டாள்.
பச்சை டியூப்லைட்டும் சீரியல் செட்டும்
ஒன்றாகத்தான் எரிந்தன, ஒரே ஃபேஸ்.

மறுநாள் ஸ்டோர் கணக்கு.
கையுறை ஒரு ஜோடி. கயிறு ஒன்று.
குறடு எங்கேப்பா என்றார் ஜே.ஈ.
பையில் கிடப்பது அன்சருடையது.
அவன் கேட்கவில்லை, நானும் கொடுக்கவில்லை.
பேனாவை வாங்கி எழுதினேன்:
குறடு ஒன்று, அம்மன் வசம்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து
மறுபடி படித்தார்.
கையெழுத்துப் போட்டார்.