பன்னிரண்டுக்குப் பிறகு

லாப நோக்கமற்றது
என்று பதிவுப் பத்திரத்தில் எழுதியிருக்கிறோம்.
நஷ்ட நோக்கமும் கிடையாது என்பான் ஜபருல்லா,
கரண்ட் பில் அட்டையால் விசிறிக்கொண்டு.

அயனாவரத்தில், லேத் பட்டறையாக இருந்த கூடம்.
இரும்புத்தூள் இன்னும் செருப்பில் ஒட்டும்.
ஒன்பது பேர், ஒன்பது சாவி,
ஒரே ஒரு அச்சு இயந்திரம்.
சக்கரத்தைச் சுற்ற இரண்டு பேர் வேண்டும்.
கோபத்தில் இருந்தால் ஒருவர்.

செவ்வாய் என் முறை.
அமிலத் தட்டை மூடி
கம்பளிகளை உதறி
நோட்டில் எழுதுவேன்:
துத்தநாகத் தகடு ஒன்று, கடன், திலகேஸ்வரி.
கறுப்பு மை பாதி டப்பா.
அதற்குக் கீழே வேறு யாரோ பென்சிலில்:
இந்த ஐப்பசிக்குக் காகிதத்தை நனைக்கவே வேண்டாம்.

இடவலம் மாற்றி எழுதிப் பழகியவள் செலின்.
ஒருமுறை வாடகைக் காசோலையில்
ழகரத்தைத் திருப்பிப் போட்டாள்.
காசோலையும் திரும்பி வந்தது.

நான்கு மாதமாக அவள் பொறித்தது
எதிர்ச்சாரிப் பஞ்சர் கடையை:
தொங்கும் டயர்கள்
அலுமினியத் தொட்டி
நீருக்குள் அமுக்கிய ட்யூப்
குமிழியைப் பார்த்தபடி அபுதாகிரின் முகம்.
பன்னிரண்டு பிரதிகள். பன்னிரண்டுக்கும் எண்.
பிறகு, விதிப்படி,
ஊசியெடுத்துத் தகட்டின் குறுக்கே ஒரு கோடு,
அதை வெட்டி இன்னொன்று.
இனி யாரும் அச்சடிக்கக் கூடாது.
சாட்சிக் கையெழுத்து நான்தான் போட்டேன்.

அடுத்த திங்கள்
மெட்ரோவுக்கு அளக்க வந்தவர்கள்
அபுதாகிர் கடைச் சுவரில்
சிவப்புப் பெயின்ட்டால் ஒரு பெருக்கல் குறி போட்டுப் போனார்கள்.

செலின் எதுவும் பேசவில்லை.
ரத்தான தகட்டை எடுத்து மை தடவினாள்,
துடைத்தாள், தனியாகவே சக்கரத்தைச் சுற்றினாள்.
காகிதத்தைப் பிரிக்கையில்
மற்ற எல்லாம் இடம் மாறியிருந்தன,
அந்தக் குறி மட்டும்
எந்தப் பக்கத்திலிருந்தும் அதேதான்.
பொறித்ததிலேயே அதிகம் மை பிடித்ததும் அதுதான்.

விதிமீறல் என்று கூட்டம் போட்டோம்.
நான்குக்கு நான்கு. ஜபருல்லா டீ வாங்கப் போயிருந்தான்.
வரும்போது அபுதாகிரையும் கூட்டிவந்தான்.

கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு
வெகுநேரம் குனிந்து பார்த்தார்.
குறியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.
ட்யூபின் மேல் தொடாமல் விரலை நிறுத்தி,
"பஞ்சர் ஒண்ணுன்னு நெனச்சுகினு வரைஞ்சிகீறம்மா.
முட்டை ரெண்டு எடத்துல வருது பாரு."

பார்த்தோம். வந்தது.

நோட்டில் அன்றைய தேதிக்கு எதிரே
செலின், பஞ்சர் கடை, ஒரு பிரதி
என்று எழுதிவிட்டேன்.
எண்ணுக்கான கட்டத்தில்
பேனா வைத்த புள்ளி ஒன்று இருக்கிறது.