கழித்தல் இருபத்திரண்டு

டர்பன், ஆகஸ்டு.
துறைமுகத்தில் ஏதோ ஒரு கப்பல் இருமுறை ஊதுகிறது.
மூன்றாம் மாடியில் நான் எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

மாதிரி எண் நாலாயிரத்துப் பதினேழு.
மூன்சாமி, பிரகலாதன். வயது நாற்பத்தொன்று.
பேஹெட்டில் கப்பல் தகடு பற்றவைப்பவர்.
கழுத்துத் தண்டுவடத்தின் நடுவிலிருந்து
எடுத்த சதை, பயறளவு.
தாளின் அடியில் டாக்டர் குசுவாயோவின் சாய்ந்த எழுத்து:
இடது உள்ளங்கையில் தீக்காயம்; வலி இல்லை; சமயச் சடங்கு.
கற்பூரம் என்று எழுதிப்
பக்கத்தில் ஒரு கேள்விக்குறி.

எனக்குக் கேள்வி இல்லை.
ஆடிக் கஞ்சி ஊற்றும் ஞாயிறு.
உள்ளங்கையில் கட்டி எரிந்து
கருகி அடங்கும்வரை அசையாமல் நின்றிருப்பார்.
உறுமி உச்சத்தில் இருந்திருக்கும்.
"ஆத்தா வந்துட்டா" என்று யாரோ
மஞ்சள் தண்ணீரை அவர் காலில் ஊற்றியிருப்பார்கள்.
அவருக்கு மட்டும் உள்ளே ஒரு சின்னச் சந்தேகம்:
போன வாரம் வெல்டிங் பொறி விழுந்தபோதும்
ஆத்தா வந்திருந்தாளா?

பதினோரு நாள் ஊட்டி வளர்த்தேன் அந்தச் செல்களை.
இரண்டாகப் பிரியும் நேரம் பார்த்து
மருந்து விட்டு நிறுத்தினேன்.
கண்ணாடிச் சில்லின்மேல்
ஒரு முழ உயரத்திலிருந்து ஒரு சொட்டு.
சாயம். விளக்கு.
பாகப்பிரிவினைக்கு உட்கார்ந்த வீட்டில்
பத்திரங்களைப் பரப்பிப் போட்டதுபோல் கிடந்தன.
நாற்பத்தாறு இருக்க வேண்டும்.
நாற்பத்தைந்து.
கண்ணைக் கசக்கிவிட்டு மறுபடி.
நாற்பத்தைந்து.
இருபது செல்லில் பதினாறில்
இருபத்திரண்டாம் எண் ஒற்றையாக.

அந்த எண்ணிலேயே ஒரு பழைய பிசகு உண்டு.
நெட்டை முன்னால், குட்டை பின்னால் என்று வரிசை வைத்தார்கள்;
இருபத்தொன்றுதான் இன்னும் குட்டை என்று பிறகே தெரிந்தது.
மாற்றவில்லை. பழகிவிட்டது.
எங்கள் பெயர்களும் அப்படித்தான்,
ஏதோ ஒரு குமாஸ்தாவின் காதில்
முனுசாமி மூன்சாமி ஆனதுபோல்.
வேண்டாம், இந்த ஒப்புமை சரியில்லை.
பெயரில் எழுத்து மாறினால் கை மரத்துப்போகாது.

காணாமல் போன துண்டில்
'போதும்' என்று சொல்லும் ஒரு வரி இருந்திருக்க வேண்டும்.
இலைமேல் கை மறிக்கத் தெரியாத விருந்தாளி இது.
ஆனாலும் அவசரமில்லாதது;
ஆண்டுக்கு ஒரு பருக்கை.

நாலரைக்குத் தொலைபேசி. தவறான இணைப்பு.
ஒரு பெண். பதினாறு இருக்கலாம்.
ஆங்கிலத்தில்தான் கேட்டாள்;
அப்பா என்ற சொல் மட்டும் தமிழ்.
"ஆன்ட்டி, தாழ்ந்த தரம்னு சொல்றாங்க.
அப்பா பெயிலா?"

அரிசிக் கடையில் இரண்டாம் தரம் என்றால்
முகம் சுளிப்போம்.
இங்கே நான்காம் தரத்துக்குத்தான் அழ வேண்டும்.
அதை நான் சொல்லக் கூடாது.
"டாக்டரைக் கேளும்மா."
"எனக்கும் வருமா?" என்றாள் அடுத்து,
யாரும் கேட்டுவிடாத குரலில்.
அவர் ரத்தத்தின் சில்லும் என் மேசையில்தான் இருந்தது.
அதில் இருபத்திரண்டு ஜோடியாகவே, எண்ணிய இடமெல்லாம்.
நல்ல அறிகுறி; முடிவு அல்ல.
அதையும் சொல்லக் கூடாது.
மூச்சு விடும் சத்தம் இரண்டு பக்கமும்.

பிறகு அவள் பக்கம் ஏதோ உடைந்தது.
ஒரு கூச்சல். நாற்காலி இழுபடும் ஓசை.
"இருங்க ஆன்ட்டி."
திரும்பி வந்தபோது சிரித்தாளா அழுதாளா தெரியவில்லை.
"அப்பா டீ கப்பைக் கீழ போட்டுட்டாரு.
சுட்டுதாம். சுடுது சுடுதுன்னு கத்துறாரு."
பின்னால் யாரோ கைதட்டினார்கள்.

வைத்துவிட்டாள்.
அறிக்கையைத் தட்டினேன்:
நாற்பத்தைந்து, ஆண், கழித்தல் இருபத்திரண்டு.
கையெழுத்துப் போடும்போதுதான் உறைத்தது.
கப்பை எந்தக் கையில் பிடித்திருந்தார் என்று
நான் கேட்கவே இல்லை.