தரை மட்டத்திலிருந்து உயரம்

எங்கள் ஊரில் ரயிலேற வேண்டுமென்றால்
முதலில் பஸ் ஏற வேண்டும்,
ஓசூருக்கோ தருமபுரிக்கோ ஜோலார்பேட்டைக்கோ
அவரவர் திசைப்படி.
வெள்ளைக்காரன் காலத்தில் ஒரு தடம் இருந்ததாம்,
பிடுங்கிக்கொண்டு போனார்களாம்.
எனக்கு அதில் வருத்தமெல்லாம் இல்லை.
சுங்கச்சாவடியில் வேலை,
ஆறாம் லேன், இரவு ஷிஃப்ட்.
எனக்கு லாரிகள் போதும்.

ஆனாலும் வாங்கிவிட்டேன்.
பெங்களூரில் யாரோ சலித்துப்போய் விற்றது:
ஒன்பது மில்லிமீட்டர் தண்டவாளம்,
வளைவுத் துண்டு பன்னிரண்டு, நேர்த்துண்டு ஆறு,
ஜப்பான் எஞ்சின், பெட்டி மூன்று.
வீட்டுக்காரரிடம் விலையில் பாதியைச் சொன்னேன்.
அதற்கே அவர் இரண்டு தரம் கேட்டார்.

நாலடிக்கு இரண்டடி ப்ளைவுட்.
லண்டன்பேட்டை வாடகை வீட்டில்
கட்டிலுக்கடியில் நுழைகிற அளவு அதுதான்.
எட்டாம் லேன் பர்ஜானா
தம்பியின் செல்போன் கடையிலிருந்து
பற்றவைக்கும் கோலைத் திருடிக்கொண்டு வந்தாள்.
சிவப்பு ஒயர் உள்பக்கம், கறுப்பு வெளிப்பக்கம்.
முதல் தடவை குமிழைத் திருப்பியபோது
எஞ்சின் பின்னால் போனது.
சிரித்ததில் ஈயம் என் சுடிதாரில் சொட்டியது,
ஓட்டை இன்னும் இருக்கிறது.

ஜல்லிக்குப் பணம் செலவழிக்கவில்லை.
கிரானைட் பட்டறை வாசலில் அள்ளிய தூள்,
டீ வடிகட்டியில் இரண்டு சலிப்பு.
ஃபெவிகாலில் பாதி தண்ணீர்,
ஒரு ரூபாய் ஷாம்பு ஒரு சொட்டு
(அது இல்லாவிட்டால் பசை உருண்டு நிற்கும்,
கூப்பிட்டாலும் கல்லுக்குள் இறங்காது).
மூன்று நாள் காயவைத்தேன்.
மூன்று நாளும் டீயில் மண்வாசம்.

பிறகுதான் தொல்லை.
ஒவ்வொரு சுற்றிலும் அதே எட்டாவது வளைவு,
அதே இரண்டாம் பெட்டி,
பக்கவாட்டில் சாய்ந்து
மெதுவாக, மரியாதையாகக் கவிழும்.
சக்கரத்தைப் பார்த்தேன், இணைப்பைப் பார்த்தேன்,
ஸ்பிரிட்டால் தண்டவாளம் முழுக்கத் துடைத்தேன்.
விடிகாலையில் ஷிஃப்ட் முடிந்து வந்து
சீருடையோடு தரையில் கன்னம் வைத்துப் படுத்து
ஒற்றைக் கண்ணால் பார்த்தபோது தெரிந்தது:
பலகை அந்த மூலையில் ஓர் அரிசி கனம்
தாழ்ந்திருக்கிறது.

பாக்கெட்டில் சுங்க ரசீது ஒன்று இருந்தது,
எந்த வண்டிக்காரரோ வாங்காமல் விட்டது.
நான்காய் மடித்து அடியில் செருகினேன்.
ஒரு சுற்று.
இரண்டு.
பதினேழு வரை எண்ணினேன்,
அப்புறம் குக்கர் கூப்பிட்டது.

ஈர்க்குச்சிக்குச் சிவப்பும் வெள்ளையும் அடித்து
ஒரு லெவல் கிராசிங் கேட் வைத்திருக்கிறேன்.
நாளெல்லாம் பார்க்கிற தடுப்புதான்.
ஆனால் இங்கே யாரும் ஹாரன் அடிப்பதில்லை,
ஃபாஸ்டேக் படிக்கவில்லை என்று
என் அம்மாவை இழுப்பதில்லை.
நிற்கிறார்கள். ரயில் போகிறது.
சும்மா கடந்துபோகிறார்கள்.

பயணிகள் தீக்குச்சிகள்.
ஒரு சென்டிமீட்டர் நறுக்கினால்
கருந்தலையோடு ஒருவர் தயார்.
ஐந்து பேர் நடைமேடையில் நிற்கிறார்கள்.
வீட்டுக்காரர் குனிந்து பார்த்துவிட்டு
"யாரையும் உரசிடாதே" என்றார்.
அன்றுதான் முழு விலையையும் சொன்னேன்.

மஞ்சள் பலகை, கறுப்பு எழுத்து.
கிருஷ்ணகிரி என்று தமிழில் எழுதியதுமே
இடம் தீர்ந்துவிட்டது.
கீழே கடல் மட்டத்திலிருந்து உயரம் எழுதுவார்களே,
அது எவ்வளவென்று எனக்குத் தெரியாது.
டேப் வைத்து அளந்து,
தெரிந்ததை எழுதினேன்:
தரை மட்டத்திலிருந்து ஒரு முக்காலி.

இன்று ஒரு பயணி விழுந்து கிடக்கிறார்.
வண்டி இடித்திருக்கலாம், பல்லியாகவும் இருக்கலாம்.
எடுத்து நிறுத்தவில்லை.
இரவு ஷிஃப்ட் முடிந்து
ஊருக்கு வண்டி பார்க்க வந்தவர்,
கொஞ்சம் கண்ணயரட்டும்.