கடல் என்று எழுதினேன்

கெட்டிக்காரப் பிள்ளை வேண்டாம்,
எழுத்து வடிவாய் இருந்தால் போதும் என்றாராம் அதிபர்.
அப்படித்தான் தரம் ஒன்பதிலிருந்து
என்னைத் தெரிந்தார்கள்.
இதற்குப் பெருமைப்படுவதா என்று
அம்மாவுக்கும் விளங்கவில்லை.

மூன்று கிழமை, பின்னேரங்களில்,
மட்டுவிலுக்குச் சைக்கிள் மிதித்தேன்
சேந்தனின் பேச்சைப் படிக்க.
முதல்நாள் எனக்குக் கேட்டதெல்லாம் மூச்சு,
இடையிடையே ஓர் உயிரெழுத்து.
ஒரே வசனத்தை ஏழு தரம் சொன்னான், அலுக்காமல்.
எட்டாம் தரம் பிடிபட்டது:
"உம்மட சைக்கிளுக்குக் காத்துப் போட்டுது."

பிறகு கண்டுபிடித்தேன்,
வல்லினத்தின் முன்னால் வரும் மூக்கெழுத்து
அவன் வாயில் நிற்பதில்லை.
பந்து, பது. சங்கு, சகு.
தன் பெயரையே சேதன் என்பான்.
மெல்லினம் என்று எங்களுக்குப் படிப்பித்தார்கள்,
அவனிடம் வந்து தூக்கிப் பார்த்திருக்க வேண்டும்
அதன் பாரத்தை.

சோதனை தொடங்கிய அன்று மழை.
வாசலில் ஆறு படி.
"சாய்தளம் உண்டு" என்றது கடிதம்.
உண்டாயிருந்தது ஒரு கதவு:
பழைய ஆய்வுகூடத்துக் கதவு, கொண்டி கழற்றாதது.
சில்லு கொண்டியில் தட்டி நின்றது.
நாலு பேர் நாற்காலியோடு அவனைத் தூக்க
மேலே இருந்தபடி ஏதோ சொன்னான்.
நான் மட்டும் சிரித்தேன்.
மேற்பார்வையாளர் முறைத்தார்.
"அரோகரா" என்றிருந்தான்.

எங்களுக்கு மனையியல் அறை.
கேஸ் அடுப்பு, உடைந்த தராசு,
சுவரில் உணவுக் கூம்பகம்.
அவன் சொல்வான், நான் எழுதுவேன்.
கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது,
தலையை ஆட்டவும் கூடாது.
இரண்டு முழத்தில் மேற்பார்வையாளர்,
என் வாயையே பார்த்தபடி.

களப்போரங்களில் வளரும் காடு எது?
கடல், என்றான்.
கடல் என்று எழுதினேன்.
முழங்கையால் மேசையில் ஒரு தட்டு.
பிழை.
மறுபடியும் கடல்.
"அதைத்தானே பிள்ளை எழுதியிருக்கிறா" என்றார் அவர்.
சேந்தன் கண்ணை மூடினான்.
மூடு, என்றான். மூடு சுழி.
எதை மூடுவது?
நேரம் மழையோடு ஓடிக்கொண்டிருந்தது.
அப்போது அந்த முழங்கை எழும்பி
ஒன்று,
இரண்டு,
மூன்று.
மூண்டு சுழி!
கடலுக்குள் ஒரு ண் வைத்தேன்.
கண்டல்.

விஞ்ஞானத்தன்று
தாவரங்கள் இரவில் மட்டும் சுவாசிக்கும் என்றான்.
முந்தின கிழமைதான் எங்கள் வகுப்பில் படித்தோம்,
பகலிலும் என்று.
என் கைக்குத் தெரிந்தது.
"மட்டும்" என்று எழுதினேன்,
நான் எழுதியதிலேயே ஆகத் துப்புரவான சொல் அது.
கொஞ்சம் தள்ளி, விளைவு என்பதை
விழைவு என்று எழுதிவிட்டேன்.
உடனே முழங்கை.
அவன் பிழையை நான் தொடக் கூடாது,
என் பிழையை அவன் திருத்தலாம்.
நல்ல சட்டம்தான் என்று நினைத்தேன்,
காது சுட்டது.

"ஒரு சொல்தானே, மாத்தியிருக்கலாமே"
என்று அம்மா இரவு கேட்டா.
அடுத்தநாள் அவனிடம் சொன்னேன்.
"அப்ப அது உம்மட சோதினை" என்றான்.
அந்த ம் எப்படித்தான் வந்ததோ, தெளிவாய்.

கடைசிநாள்
மற்றவர்கள் மணியடித்ததும் கத்திக்கொண்டு போனார்கள்,
முற்றத்து வெள்ளத்தை உதைத்துக்கொண்டு.
எங்களுக்கு மிச்சம் அரை மணித்தியாலம்.
ஏழாம் கேள்வியில் நின்றோம்.
மேற்பார்வையாளர் இப்போது என் வாயைப் பார்க்கவில்லை.
அவன் ஒரு சொல்லில் இடற,
அவருடைய உதடும் தன்பாட்டில்
அந்தச் சொல்லுக்குக் குவிந்தது,
சத்தமில்லாமல்.

வெளியே வந்தபோது யாரையும் கூப்பிடவில்லை.
சில்லு நேரே இறங்கியது.
கதவில் கொண்டி இல்லை.
ஆணி இருந்த நாலு ஓட்டையிலும்
மழைத் தண்ணீர்.