மிஸ்டு கால்

ஒரே இரும்புப் பெட்டிக்குள் இரண்டு இயந்திரங்கள்.
இரண்டும் மெய்நிகர்.
தனி வீட்டில் இருப்பதாக நம்புகிறவை.
ஒன்று சொல்வது மற்றதற்குக் கேட்க
நெட்வொர்க் வழியே போய்வந்தது சேதி,
அடுத்த அறைக்குப் போக
சில்க் போர்டைச் சுற்றுவதைப் போல.

அதை மாற்றத்தான் எனக்குச் சம்பளம்.
நினைவகத்தில் ஒரே ஒரு பக்கம்,
நாலாயிரத்துத் தொண்ணூற்றாறு பைட்,
இரண்டுக்கும் பொது.
இது எழுதும். எழுதியதும் மணி அடிக்கும்.
அது வந்து படிக்கும்.
மணிக்குள் சேதி கிடையாது.
'பார்' என்பதோடு சரி.

மகாதேவபுராவில் என்னோடு இருப்பவள் நாகவேணி,
ராய்ச்சூர்க்காரி, ஐசியுவில் இரவுப் பணி.
நான் வரும்போது அவள் செருப்பு இருக்காது.
அவள் வரும்போது என்னுடையது.
ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு வெள்ளைப் பலகை.
அவள் கன்னடம் எனக்கு ஜிலேபி,
என் தமிழ் அவளுக்குக் கொக்கி.
ஆகவே எண்ணும் படமும்:
7 என்றால் தண்ணி லாரி ஏழுக்கு.
வட்டத்தில் ஒரு கோடு, கேஸ் தீர்ந்தது.
ஒருநாள் பூனை வரைந்திருந்தாள்,
இன்றுவரை கேட்கவில்லை ஏனென்று.
எழுதிவிட்டு ஒரு மிஸ்டு கால் கொடுப்பாள்.
எடுக்கக் கூடாது. அப்படித்தான் பேச்சு.

மார்ச் முழுக்க ஒரு பிழை என்னைத் தின்றது.
லட்சத்தில் ஒருமுறை
இரண்டாம் இயந்திரம் பழைய சேதியையே படித்தது.
பக்கம் சரி. மணி சரி. என் வரிசையும் சரி.
சிப்புக்குத்தான் அவசரம்:
எழுத்தை வழியில் நிறுத்திவிட்டு
மணியை முன்னால் ஓட விட்டிருக்கிறது.
நடுவே ஒரு தடுப்பு வைத்தேன்.
ஒரே வரி.
இருபத்திரண்டு நாளுக்கு ஒரு வரி.

மேனேஜருக்கு மெயில் அடிக்கும்போது
போன் ஒருதரம் மினுங்கி அடங்கியது.
நாகவேணி.
இரவு பதினொன்றே கால்.
அவள் வார்டில் இருக்க வேண்டிய நேரம்.

ஆட்டோக்காரர் கேட்டதைக் கொடுத்து வந்தேன்.
பலகையில் 7.
நேற்றைய 7. வால் அழிந்துபோனது.
வேறொன்றும் இல்லை.

சமையலறைத் தரையில் சீருடையோடு உட்கார்ந்திருந்தாள்,
கையில் மூடி கழற்றிய மார்க்கர்.
விரல் நுனியெல்லாம் நீலம்.
பலகையையே பார்த்துக்கொண்டு.

அதற்கு எங்களிடம் படம் இல்லை.

திரும்பி வாசலுக்குப் போய்
செருப்பைக் கழற்றி
அவளுடையதன் பக்கத்தில் விட்டேன்.