ஈரப் பிளக்

பதினேழாவது உதை.
ஒரு தும்மல்; அவ்வளவுதான்.
ஈசூனில் மணி ஐந்து பத்து.
நான்காம் மாடியில் யாரோ
வேண்டுமென்றே சத்தமாக ஜன்னலைச் சாத்துகிறார்கள்.
தெரியும் ஐயா, தெரியும் அம்மா,
எனக்கும் தூக்கம் பிடிக்கும்.

பெட்ரோல் வாசம் இப்படி வந்தால்
வயிறு முட்டக் குடித்துவிட்டது என்று அர்த்தம்.
இனி ஊட்டக் கூடாது.
டேப்பை மூடினேன். சோக்கைத் தள்ளிவிட்டேன்.
கைப்பையில் பிளக் ஸ்பேனர் எப்போதும் இருக்கும்,
லிப்ஸ்டிக்தான் பல நாள் கிடைப்பதில்லை.

தொப்பியைப் பிடுங்கித் திருகி வெளியே எடுத்தால்
கறுப்பு.
காய்ந்த கறுப்பு என்றால்கூடப் பரவாயில்லை.
இது மழையில் நனைந்த காக்கை அலகின்
பளபளக்கும் கறுப்பு.
பொறி தாண்ட வேண்டிய சிறு இடைவெளியில்
எண்ணெய் உட்கார்ந்திருக்கிறது,
பேருந்தில் பக்கத்து இருக்கையில் பையை வைத்துவிட்டு
தூங்குவதாக நடிக்கிற ஆளைப்போல.

காக்கி புக்கிட் மெக்கானிக் லெங் சூன்
போன மாதமே சொன்னார்:
"உன் வண்டிக்கு ஒரு வியாதியும் இல்லை.
உன் வேலைதான் ரொம்பப் பக்கத்தில் இருக்கிறது."
எட்டாம் நம்பரைக் கழற்றி ஏழு போட்டார்,
எண்ணெய் பம்ப்பை ஒரு கோடு குறைத்தார்,
உதட்டைப் பிதுக்கினார்.

நான்கு கிலோமீட்டர். ஒன்பது சிக்னல்.
டூ-ஸ்ட்ரோக் சூடேறி
தன் கரியைத் தானே எரித்துக்கொள்ளுமுன்
செம்பவாங்கில் கம்பெனி கேட் வந்துவிடுகிறது.
இந்தத் தீவில் எல்லாமே அப்படித்தான்.
வீட்டில் கிளம்பிய கோபம்
பாதிகூடத் தணிந்திருக்காது,
அதற்குள் இறங்க வேண்டிய இடம்.

இரவெல்லாம் அடுத்தவர் சாப்பாட்டைச் சுமந்துவிட்டு
மின்சைக்கிளைப் பூட்டிக்கொண்டிருந்த அபாங் ரொஸ்லி
கேட்காமலே வந்து
கைப்பேசி வெளிச்சத்தைப் பிடித்தார்.
நகம் தேய்க்கும் அரத்தால் முனையைச் சுரண்டினேன்.
துளை திறந்தபடி பத்து உதை;
உள்ளே தேங்கியது மூச்சாய் வெளியேறியது.
பிறகு துளையைத் துணியால் அடைத்து,
பிளக்கைத் தொப்பியில் செருகி,
இன்ஜின் செதிலில் சாய்த்து,
"அபாங், லைட்டை அணைங்க" என்றேன்.

அவருக்குப் புரியவில்லை.
பொறி பார்க்க இருட்டு வேண்டும்.

உதைபெடலைக் கையால் அழுத்தினேன்.
ஒன்றுமில்லை.
மறுபடி.
மஞ்சள். சோம்பேறி மஞ்சள்.
மறுபடி.
நீலம்!
ஊசித் துளை அளவு, ஒரு 'டிக்'.
அபாங் ரொஸ்லி சாமி கும்பிடுகிறவர்போல் குனிந்து
இன்னொரு தடவை காட்டச் சொன்னார்.

அப்புறமும் அது உதைக்கு மசியவில்லை.
பலமாடிக் கார்நிறுத்தத்தின் சரிவில்
இரண்டாவது கியர், கிளட்ச் உள்ளே,
பின்னால் தள்ளிக்கொண்டு ஓடிவந்தார்.
விட்டேன் கிளட்சை.
ஒரு குலுக்கல், ஓர் இருமல், பெரிய அலறல்.
திரும்பிப் பார்த்தால் ஆள் இல்லை,
வெள்ளைப் புகை மட்டும்.
புகைக்குள் யாரோ இருமிக்கொண்டே சிரித்தார்கள்.

முச்சந்தியில் மணி ஐந்து நாற்பத்தொன்று.
இடது பக்கம் வேலை.
வலது பக்கம் சிலேத்தார் விரைவுச்சாலை.
பச்சை விழுந்தபோது
என் கை என்னைக் கேட்கவில்லை.

மூன்று. நான்கு. ஐந்து.
இருமல்கள் ஒட்டிக்கொண்டு ஒரே கோடாய் நீண்டன.
மண்டாய் தாண்டுகையில்
கண்ணாடியில் புகை மெலிந்தது,
பிறகு வெறும் சாலை,
அதன் மேல் கொஞ்சம் விடியல்.

தாமதத்துக்குக் காரணம் எழுத
படிவத்தில் இரண்டு அங்குலக் கட்டம்.
'பிளக்' என்று எழுதினேன்.
"கைப்பேசி சார்ஜ் ஆகாமல் அலாரம் அடிக்கலையா?"
என்றார் மேற்பார்வையாளர்.
"ஆமாம்" என்றேன்.

பத்து மணி இடைவேளையில்
கீழே போய்க் கழற்றிப் பார்த்தேன்.
பால் ஊற்றிய கோப்பியின் நிறம்.
அழகு.
யாரிடம் காட்ட?